மலிவு ரிவோல்வர் ரவையை எடைபோடுவது எப்படி: வாங்குவதிலிருந்து கோதைத் திரும்ப நிரப்புவது வரை

ரிவோல்வரில் சுடுகிறவருக்குப் பிஸ்டல்காரருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. சுட்ட கோது, அதாவது ரவையின் வெற்று உலோகக் கூடு, தெறித்துப் புல்லுக்குள் போகாது. உருளைக்குள்ளேயே கிடந்து, கம்பியை அழுத்தியதும் ஆறும் உள்ளங்கையில் விழும். ஆகவே 50 ரவைப் பெட்டி ஒன்றை வாங்கும்போது 50 கோதுக்கும் சேர்த்தே காசு கொடுக்கிறீர்கள். பெட்டியின் அட்டையில் எழுதியிருப்பதைவிட அந்தக் கோதுதான் தொழிற்சாலையைப் பற்றி அதிகம் சொல்லும். மலிவு ரவை நல்லதா கெட்டதா என்று நான் முடிவெடுப்பது சுட்ட பிறகுதான்.

திருகோணமலையில் பிறந்து, அமெரிக்காவில் ஒரு துவக்குக் கடையின் பின்னறையில் பல வருடம் திருத்த வேலை பார்த்துவிட்டு, இப்போது ஓர்ஸ் ஹில்லில் ஓய்வாக இருக்கிறேன். டெக்சாஸ், ஒஹாயோ, ஜோர்ஜியா என்று குடியேறிய எங்கட ஊர்ப் பெடியங்கள் லீவில் வந்தால், உப்புவெளியில் கடல் குளித்துவிட்டு நேரே இங்கேதான் வருவார்கள். "அண்ணை, ஆக மலிவான பெட்டியை வாங்கலாமோ? அதைத் திரும்ப நிரப்பலாமோ?" என்பதுதான் கேள்வி. சட்டம் இடங்கொடுக்கும் இடத்தில், அனுமதியோடு, ரேஞ்சில் சுடுகிற அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வெடிமருந்தின் அளவு எதுவும் இதில் இல்லை. அதற்கு மருந்துக் கம்பனிகள் அச்சிடும் கையேடு இருக்கிறது. அந்த எண்ணை வாய்வழி கேட்டு நிரப்புகிறவரோடு ஒரே மேசையில் நான் நிற்கமாட்டேன்.

இங்கே ரவை என்றால் முழுச் சாமான். அதில் கோது, அடியில் தீ மூட்டும் கேப், உள்ளே வெடிமருந்து, நுனியில் பறந்து போகும் சன்னம். கேப் என்று நான் எழுதுவது பிரைமரைத்தான்.

படி 1: பெயரும் அழுத்தமும் பொருந்துகிறதா

.38 என்று எழுதியிருந்தால் போதாது. .38 எஸ் அன்ட் டபிள்யூ வேறு, .38 ஸ்பெஷல் வேறு. முன்னையது குட்டையும் சற்றுத் தடித்ததும். வெப்லி, என்ஃபீல்ட் போன்ற பழைய பிரித்தானிய ரிவோல்வர்களுக்கானது அந்த வகைதான். .38 ஸ்பெஷலின் கோது 1.155 அங்குலம், .357 மேக்னத்தின் கோது 1.290 அங்குலம். இரண்டிலும் சன்னத்தின் விட்டம் ஒன்றுதான். கோதை வேண்டுமென்றே நீட்டியிருப்பதன் காரணம், மேக்னம் ரவை ஸ்பெஷல் உருளைக்குள் முழுதாகப் போகக்கூடாது என்பது. அமெரிக்கத் தர அமைப்பு .38 ஸ்பெஷலுக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல்; கூடிய அழுத்தத்தைக் காட்டும் பிளஸ் பி என்று குறித்திருந்தால் 20,000; .357 மேக்னத்துக்கு 35,000. துவக்கின் குழலில் என்ன பொறித்திருக்கிறதோ அதுவே கடைசி வார்த்தை.

மறு பக்கம், .357 துவக்கில் .38 ஸ்பெஷலைச் சுடலாம், மலிவும்கூட. ஆனால் குட்டைக் கோதின் வாய் முடிகிற இடத்தில் உருளை அறைக்குள் ஒரு கரி வளையம் கட்டும். அதைத் தேய்த்து எடுக்காமல் மேக்னம் ரவையைப் போட்டால் முழுதாக உள்ளே போகாது. அப்போது ரவையைக் குறை சொல்லாதீர்கள், வெண்கலப் பிரஷை எடுங்கள்.

படி 2: கோது எந்த உலோகம், கேப் எந்த வகை

திரும்ப நிரப்ப முடியுமா என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

பித்தளைக் கோது வேண்டும். ரவைக்கான பித்தளை 70 வீதம் செம்பு, 30 வீதம் நாகம் (துத்தநாகம்). வெடிக்கும்போது விரிந்து அறையை அடைத்து, பிறகு சற்றுச் சுருங்கிக் கழன்றுவரும் குணம் அதற்கு உண்டு. நிக்கல் முலாம் பூசியது பார்க்க அழகு, கறுக்காது, வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஆனால் வாய்ப்பக்கம் சாதாரணப் பித்தளையைவிட முந்தி வெடிக்கும். அலுமினியக் கோது ஒருமுறைச் சாமான். சிசிஐ கம்பனியின் பிளேசர் அலுமினியப் பெட்டி இதற்குத் தெரிந்த உதாரணம். அதே பிளேசர் பெயரோடு 'பிராஸ்' என்று போட்ட பெட்டி பித்தளை, நிரப்பலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் அவசரத்தில் மாற்றி வாங்கிவிட்டு வந்து முகம் தொங்கியவர்களைக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். இரும்புக் கோதுள்ள ரஷ்ய ரவைகள் ஒரு காலத்தில் ஆக மலிவு. 2021இல் புதிய இறக்குமதி அனுமதிகளை அமெரிக்கா நிறுத்தியது. இரும்பையும் நிரப்புவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு காந்தம் சட்டைப் பையில் இருக்கட்டும். கோதில் ஒட்டினால் இரும்பு. சன்னத்தில் மட்டும் ஒட்டினால் செம்புத் தோலுக்கடியில் இரும்புத் தகடு இருக்கிறது என்று பொருள். உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் அதைச் சுட விடமாட்டார்கள்.

அடுத்தது கேப். பாக்ஸர் முறையில் கோதின் அடியில் நடுவே ஒரே தீத்துளை. ஊசியை உள்ளே விட்டால் பழைய கேப் கழன்று விழும். பேர்டன் முறையில் இரண்டு சிறு துளைகள், நடுவில் கோதோடு சேர்ந்த ஒரு மேடு. ஊசி அதில் முட்டி உடையும். பாக்ஸர் ஆங்கிலேயர், அவர் முறை அமெரிக்காவில் ஊன்றியது. பேர்டன் அமெரிக்கர், அவர் முறை ஐரோப்பாவில். ஒருவர் நாட்டில் மற்றவரின் கேப்! இன்று அமெரிக்கக் கடையில் கிடைக்கும் பித்தளை ரிவோல்வர் ரவைகள் அநேகமாக எல்லாம் பாக்ஸர்தான்: வின்செஸ்டர், ரெமிங்டன், ஃபெடரல், பிரேசிலின் மேக்டெக், கொரியாவின் பிஎம்சி, இத்தாலியின் ஃபியோக்கி, செக் நாட்டின் செல்லியர் அன்ட் பெல்லோ, சேர்பியாவின் பிரவி பார்ட்டிசான். ஆனாலும் சுட்ட முதல் கோதுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒரு துளையா, இரண்டா? அரை நிமிட வேலை.

பழைய இராணுவ மிச்ச ரவை என்றால் இன்னொரு சங்கதி உண்டு. பாதரசம் கலந்த பழங்காலக் கேப் பித்தளையை உடையக்கூடியதாக்கிவிடும். அந்தக் கோதை நிரப்பக்கூடாது. குளோரேட் உப்பு விடும் கேப் கோதுக்குப் பெரிய கேடு செய்யாது, துவக்கின் குழலைத் தின்னும். எண்ணெய் பூசினால் உப்புப் போகாது. சூடான தண்ணீரால் கழுவி, துடைத்து, பிறகுதான் எண்ணெய்.

படி 3: சுடுவதற்கு முன் கண்ணாலும் விரலாலும்

மொத்தமாக வாங்காதீர்கள். ஒரே ஒரு பெட்டி. மூடியின் உட்பக்கத்திலோ ஓரத்திலோ இருக்கும் லொட் இலக்கத்தை, அதாவது எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண்ணை, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிடித்துப் போனால் அதே லொட்டில் வாங்கலாம்.

ஐம்பதையும் கேப் மேலே தெரிய மேசையில் நிமிர்த்தி, அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். கேப் கோதின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு வரை உள்ளடங்கி இருக்கவேண்டும். மேலே துருத்தினால் பிஸ்டலில் சிலவேளை தப்பிக்கொள்ளும். ரிவோல்வரில் உருளையே சுற்றாமல் இறுகும். மலிவுப் பெட்டிகளில் நான் முதலில் தேடும் குற்றம் இதுதான். சரிந்து ஏறிய கேப், தலைகீழாய்ப் புகுத்திய கேப் எல்லாம் இந்த ஒரே தடவலில் அகப்படும்.

பிறகு வாய்ப்பக்கம். கோதின் விளிம்பு சன்னத்தின் பள்ளத்துக்குள் ஒரே சீராக மடிந்திருக்கவேண்டும். ஒரு பக்கம் மடிந்து மறுபக்கம் நிமிர்ந்திருந்தால் இயந்திரத்தைச் சரிபார்க்க ஆளில்லை என்று அர்த்தம். கட்டைவிரலால் சன்னத்தை உட்பக்கம் அழுத்துங்கள், அசையக்கூடாது. வேர்னியரால் பத்து ரவையின் முழு நீளத்தை அளந்து எழுதுங்கள்.

ரவைகளைத் தராசில் நிறுத்து மருந்துக் குறைவைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். .38 ஸ்பெஷல் போன்ற ரவையில் இது வேலைக்காகாது. கோதுக்குக் கோது, சன்னத்துக்குச் சன்னம் இருக்கும் எடை வித்தியாசமே மருந்தின் வித்தியாசத்தை மூடிவிடும். நிறுத்துப் பார்த்து மனம் ஆறலாம், விடை கிடைக்காது.

படி 4: ரேஞ்சில் நாலு சோதனை

உருளையின் ஆறு அறைகளுக்கும் மார்க்கர் பேனாவால் இலக்கம் போடுங்கள். இது பின்னால் பெரிய உதவி. கோதுகளையும் அறை வரிசைப்படியே எடுத்து வையுங்கள்.

முதலாவது, சன்னம் நகர்கிறதா. ஒரு ரவையின் நீளத்தை அளந்து, அதைக் கடைசி அறையில் போட்டு, மற்ற ஐந்தையும் சுடுங்கள். பிறகு அதை எடுத்துத் திரும்ப அளங்கள். ரிவோல்வர் பின்னால் உதைக்கும்போது சன்னம் தன் இடத்தில் நிற்கப் பார்க்கும், கோது பின்னால் இழுபடும். மடிப்புப் பலவீனமானால் சன்னம் முன்னால் வந்து உருளையின் முகத்தைத் தாண்டி நீட்டி, துவக்கைப் பூட்டிவிடும். எடை குறைந்த சட்டைப்பைத் துவக்கில் இது மோசம். நீளம் கூடிக்கொண்டே போனால் அந்த ரவை அந்தத் துவக்குக்கு வேண்டாம்.

இரண்டாவது, வேகம். சன்னத்தின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃப் இருந்தால் பத்து வெடி. .38 ஸ்பெஷலில் 158 கிரெயின் எடையுள்ள ஈயச் சன்னம் செக்கனுக்கு 755 அடி என்பது பெட்டியில் நெடுங்காலமாக அச்சிட்டு வரும் கணக்கு. உங்கள் குட்டைக் குழலில் அது வராது. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கால் வாயு கசிகிறது, குழல் குட்டையாக இருந்தால் இன்னும் குறையும். ஆகவே சராசரி குறைந்ததற்காகக் கம்பனியைத் திட்டாதீர்கள். அதிகூடிய வேகத்துக்கும் அதிகுறைந்ததுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அங்கேதான் மலிவு பல்லைக் காட்டும்.

மூன்றாவதை அநேகர் செய்வதில்லை. .38 ஸ்பெஷல் 1898இல் பிறந்தது, கருமருந்துக் காலத்துக் கொள்ளளவு. இன்றைய மருந்து அதற்குள் அடியில் கொஞ்சம் கிடக்கும், மிச்சமெல்லாம் வெற்றிடம். துவக்கின் வாயைப் பாதுகாப்பான திசையில் கீழே சாய்த்து, மெல்ல நிமிர்த்திச் சுட்டால் மருந்து சன்னத்தின் பக்கம் குவிந்திருக்கும். ரேஞ்ச் விதி விட்டால், வாயைச் சற்று உயர்த்தி மெல்லத் தாழ்த்திச் சுட்டால் கேப்பின் பக்கம் குவிந்திருக்கும். இரண்டு வகையிலும் ஐந்தைந்து சுட்டு வேகத்தை ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் வந்தால், இலக்குக் கடதாசியில் துளைகள் மேலும் கீழும் சிதறுவதற்குக் காரணம் உங்கள் கையல்ல.

நான்காவது காது. 'பொக்' என்று மெலிந்த சத்தம், உதை இல்லை: உடனே நிறுத்துங்கள். சன்னம் குழலில் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் போய்விடும், சிலவேளை கையும். வெடிக்கவே இல்லையென்றால் வாயை இலக்குப் பக்கம் வைத்தபடி குறைந்தது 30 செக்கன் காத்திருங்கள், ஒரு நிமிடமானால் இன்னும் நல்லது. வெடிக்காதவற்றைத் திரும்ப அடித்துப் பார்த்தால் வெடிக்கிறதென்றால், குற்றம் ரவையிலா என்று யோசியுங்கள். ஃபெடரல் கேப் மென்மை, சிசிஐ கேப் கடினம் என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்தது. விசை மென்மையாக இருக்கட்டும் என்று ஸ்பிரிங்கை மாற்றிய துவக்கு கடினமான கேப்பில் தடுக்கும்.

எரியாத மருந்துத் துணுக்கு ஒன்று, கோதுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் கீழ் மாட்டினால் உருளை மூடாது. மலிவு ரவையில் இது சகஜம். குழல்வாய் வானத்தைப் பார்க்கக் கோதுகளைத் தள்ளினால் துணுக்குகள் அவற்றோடு கீழே போய்விடும். பழைய பல் பிரஷ் ஒன்றையும் கொண்டுபோங்கள்.

படி 5: கோதை வாசித்தல்

வீட்டு மேசை, நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி.

வெளிப்பக்கம் முழுக்கக் கரி படிந்திருந்தால் அழுத்தம் குறைவு; கோது விரிந்து அறையை அடைக்கவில்லை. மருந்து குறைந்த மென்மையான ரவைக்கு ஓரளவு கரி வரும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். கோதுகள் சுத்தியலால் தட்டித் தள்ளவேண்டிய அளவுக்கு இறுகியிருந்தால் அழுத்தம் கூடுதல், அல்லது அறை சொரசொரப்பு. எது என்று சொல்லத்தான் இலக்கம் போட்டீர்கள். ஆறு அறையிலும் இறுகினால் ரவை. மூன்றாம் அறையில் மட்டும் திரும்பத் திரும்ப இறுகினால் அல்லது வெடித்தால் துவக்கு, பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கேப் தட்டையானதை மட்டும் வைத்து அழுத்தத்தை அளக்க முயலாதீர்கள். ரிவோல்வரில் அது பொய் சொல்லும்.

வாய்ப்பக்கம் சிறு கீறல்: அந்தக் கோது முடிந்தது. புதுப் பெட்டியில் ஒருமுறை சுட்டதிலேயே இரண்டு மூன்று கீறினால் பித்தளையைச் சரியாகப் பதப்படுத்தவில்லை என்று பொருள். திரும்ப நிரப்பும் எண்ணத்தோடு அந்த லொட்டை வாங்கவேண்டாம். உடலில் நீளவாட்டில் வெடிப்பு இன்னும் மோசம். ஈக்குச்சி நுனியைச் சற்று வளைத்துக் கோதின் உள்சுவரில் அடிவரை ஓட்டிப் பாருங்கள். உள்ளே படி கட்டியதுபோல் ஒரு மேடு தட்டுப்பட்டால் விலக்குங்கள். அப்படிப்பட்டவற்றில் கொள்ளளவு குறைவு, கையேட்டின் அளவு அதற்குப் பொருந்தாது.

பழைய கேப்பைத் தள்ளி எடுத்தபின் குழியைப் பாருங்கள். கேப்பைச் சுற்றி வளையமாக நசுக்கிப் பூட்டியிருந்தால் அந்த விளிம்பைக் கருவியால் விரித்த பிறகே புதுக் கேப் ஏறும். தீத்துளை நடுவே இல்லாமல் ஒதுங்கியிருந்தால் உங்கள் ஊசி வளையும். புதுக் கேப் விரல் அழுத்தத்திலேயே உள்ளே போய்விட்டால் குழி தளர்ந்துவிட்டது, தொட்டியில் போடுங்கள். .45 ஏசிபி சுடும் ரிவோல்வர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலையிடி உண்டு: அந்த ரவையில் பெரிய கேப் குழியும் சிறிய கேப் குழியும் இரண்டும் சந்தையில் இருக்கின்றன, மலிவுப் பெட்டிகளில் சிறியது அடிக்கடி. பிரிக்காமல் இயந்திரத்தில் போட்டால் நடுவழியில் நசியும்.

பழைய வீட்டில் தாத்தாவின் பெட்டியில் கிடந்த .45 கோல்ட், .44 ஸ்பெஷல் கோதுகளில் அடிப்பக்கம் மெல்லிதாக, கேப் குழி உள்ளே துருத்திக்கொண்டு இருப்பவை உண்டு. அவை பழைய அமைப்பு. சேகரிப்பாளருக்குக் கொடுங்கள்.

தேறியவற்றை அடியிலுள்ள பெயர் முத்திரைப்படி பிரியுங்கள். ஒரே முத்திரை, ஏறத்தாழ ஒரே நீளம் என்றால் வாய்மடிப்பு ஒரே மாதிரி வரும். அழுத்தம் குறைந்த .38 ஸ்பெஷல் நிரப்பலில் நல்ல பித்தளைக் கோது பத்துத் தடவைக்கு மேல் உழைக்கும். மேக்னம் அழுத்தத்தில் அந்தளவு எதிர்பார்க்கக்கூடாது.

படி 6: கழுவுதல், இதில் அம்மாவின் முறை வேண்டாம்

எங்கள் வீடுகளில் குத்துவிளக்கைப் பளபளப்பாக்க இரண்டு வழி: புளி, அல்லது பிராசோ. கோதைக் கழுவப் போகிறவருக்கும் கை அதற்குத்தான் நீளும். பிராசோ போன்ற அமோனியா கலந்த பொலிஷ் எதுவும் கோதுப் பக்கம் வரக்கூடாது. காரணம் எங்கள் பக்கத்துச் சரித்திரத்திலேயே இருக்கிறது. பிரித்தானிய ஆட்சியில் இந்தியாவில் மழைக்காலத்தில் ரவைகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். யாரும் தொடாமலே கோதுகள் வெடித்துக் கீறின. லாயத்துக் காற்றிலிருந்த அமோனியாவும் ஈரமும், இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்த வேலை அது என்று 1921இல் விளக்கினார்கள். விளக்கு தடித்த வார்ப்பு, தாங்கும். கோதின் சுவர் மெல்லிது, அதற்குமேல் ஆயிரக்கணக்கான இறாத்தல் அழுத்தம் வரப்போகிறது.

புளியிலுள்ள அமிலம் அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் எவ்வளவு என்று அளக்க முடியாது. கூடநேரம் ஊறினால் பித்தளை செம்பு நிறத்துக்குத் திரும்பும், நாகம் கரைந்து போகிறது என்று அர்த்தம். கடையில் சிட்ரிக் அமிலப் பொடி கிடைக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சிறிது கரைத்து, ஒரு துளி சோப்பும் விட்டு, சில நிமிடம் ஆட்டி, நன்றாக அலசினால் போதும். அல்லது அரைத்த சோளத்தண்டு போட்டு உருட்டும் இயந்திரம். பளபளப்பு முக்கியமில்லை; கரி போனால் சரி.

காயவைக்க இங்கே ஒரு சாக்கில் பரப்பினாலே மத்தியானத்துக்குள் சுண்டிவிடும். ஒஹாயோவின் குளிரில் மின்விசிறியின் முன் வைத்துப் பொறுங்கள். அடுப்பிலோ நெருப்பிலோ காயவைத்தால் கோதின் அடி இளகிவிடும், கண்ணுக்கும் தெரியாது. இதற்குப் பாவித்த பாத்திரம் சமையலுக்குத் திரும்பக்கூடாது. கேப்பின் கரியில் ஈயம் இருக்கிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளைகளைத் தூக்குங்கள்.

படி 7: கணக்கு

மலிவுப் பித்தளைப் பெட்டியின் விலையிலிருந்து, அதே ரகச் சுட்ட கோது 50 என்ன விலைக்கு விற்கிறதோ அதைக் கழியுங்கள். வருவதே அந்தப் பெட்டியின் உண்மை விலை. பக்கத்தில் அலுமினியப் பெட்டியின் விலையை அப்படியே வையுங்கள். பல நாள் பித்தளைதான் மலிவு என்று வரும். நீங்கள் நிரப்பப் போவதில்லை, கோதை விற்கவும் பஞ்சி என்றால் அலுமினியத்தையே வாங்குங்கள். சுடுவதற்கு அது குறைச்சலில்லை. சன்னம், கேப், மருந்து மூன்றின் விலையும் கூடி நிற்கும் காலத்தில் நிரப்புவது பெரிதாக மிச்சம் பிடிக்காது. .45 கோல்ட், .44 மேக்னம் போன்ற விலைகூடிய ரவைகளில்தான் நிரப்பும் மேசை சீக்கிரம் தன் செலவைத் திருப்பிக் கொடுக்கும்.

யாரோ நிரப்பிய ரவையைப் பையில் போட்டு மலிவாக விற்பார்கள். முத்திரைகள் கலந்திருக்கும், எத்தனையாவது தடவை என்று கோதுக்கே தெரியாது. அப்படி ஒரு பையிலிருந்து வந்த ரவையால் சன்னம் சிக்கி, குழல் வளையமாகப் புடைத்த துவக்கு ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. சொந்தக்காரர் உத்தரவாதத்தைக் காட்டினார்; திரும்ப நிரப்பிய ரவைக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அநேகமான துவக்குக் கம்பனிகள் அப்படித்தான் எழுதுகின்றன. உங்கள் சொந்த நிரப்பலுக்கும் அதே விதிதான்.

கழித்த கோதுகள்

கழித்ததைக் குறட்டால் வாயை நசுக்கி வையுங்கள், வேறு யாரும் எடுத்து நிரப்பாமல் இருக்க. சேர்ந்ததும் பழைய உலோகக் கடைக்குக் கொடுக்கலாம். வெடிக்காத ரவை ஒன்றுகூடக் கலக்கக்கூடாது.

அழகாக இருக்கிறதென்று சாவிக்கோர்வை செய்து ஊருக்குக் கொண்டுவராதீர்கள். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இன்றும் நடைமுறையில் உள்ளன. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலுக்குப் பன்றி வராமல் காக்கச் சொட்கன் வைத்திருக்கும் விவசாயிக்கும் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், தோட்டாவுக்கும் வேண்டும். வீட்டில் நிரப்பும் மேசை என்ற பேச்சுக்கே இடமில்லை. சூட்கேசில் கிடக்கும் ஒரு வெற்றுக்கோதை ஸ்கானர் கண்டுபிடித்தால், அது வெற்று என்று விளக்கும் வேலை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உங்களுடையது. ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையையே பயணத்துக்கும் கட்டுகிறவர்கள், புறப்படுமுன் அதைத் தலைகீழாகக் கொட்டி, மடிப்புகளுக்குள் விரலை விட்டுத் தேடுங்கள்.